கடன் கொடுத்தவர் கதவைத் தட்டும்போது...

 



வாசற்கதவு தட்டப்படுகிறது. வந்திருப்பவர் யார் என்பது குரலிலேயே தெரிந்துவிடுகிறது. வீட்டுத் தலைவர் மெல்ல எழுந்து உள்ளறைக்குள் போய்விடுகிறார். ஏழு வயதுப் பிள்ளை வாசலுக்கு அனுப்பப்படுகிறது. "அத்தா வீட்டில் இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறது. அதே பிள்ளை மாலையில் மதரஸாவுக்கு வந்து அமர்ந்து, பொய் பேசுவது பெரும்பாவம் என்ற பாடத்தை நம்மிடம் ஓதுகிறது.

இதே போன்றதொரு காட்சி மதீனாவிலும் நடந்திருக்கிறது. பத்ருப் போரில் கலந்துகொண்ட அன்ஸாரித் தோழர் அபுல் யஸர் (ரலி) அவர்களுக்குப் பனூ ஹராம் கிளையைச் சேர்ந்த ஒருவர் கடன் தர வேண்டியிருந்தது. அவரைத் தேடி வீட்டுக்குச் சென்றார்கள். அவருடைய மகன் வெளியே வந்தான். உன் தந்தை எங்கே என்று கேட்டபோது, தங்கள் குரலைக் கேட்டதும் என் தாயாரின் கட்டில் மறைவில் ஒளிந்துகொண்டார் என்று அந்தப் பிள்ளை உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டான். நீர் இருக்குமிடம் எனக்குத் தெரியும், வெளியே வாரும் என்று அபுல் யஸர் (ரலி) குரல் கொடுத்தார்கள். வந்தவரிடம், ஏன் ஒளிந்தீர் என்று வினவினார்கள். அவர் சொன்ன பதில்தான் இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படை. என் கையில் பணமில்லை. தாங்களோ அல்லாஹ்வின் தூதருடைய தோழர். தங்களிடம் பேசினால் பொய் பேசிவிடுவேனோ, வாக்களித்தால் அதை மீறிவிடுவேனோ என்று அஞ்சியே ஒளிந்தேன் என்ற கருத்துப்படக் கூறினார். மெய்யாகவே சிரமத்தில் இருக்கிறீரா என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்ட அபுல் யஸர் (ரலி), கடன் பத்திரத்தை எடுத்துத் தம் கையாலேயே எழுத்தை அழித்தார்கள். வசதி வந்தால் செலுத்தும், இல்லையேல் உமக்கு விடுதலை என்றார்கள். சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் அளிப்பவருக்கும், கடனைத் தள்ளுபடி செய்பவருக்கும் மறுமையில் அல்லாஹ்வின் நிழல் உண்டு என்பதைத் தம் கண்ணும் காதும் உள்ளமும் சாட்சியாக நபி (ஸல்) அவர்களிடமிருந்து பெற்றிருந்ததாகவும் தெரிவித்தார்கள். முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

நாம் வழக்கமாக இந்த ஹதீஸைக் கடன் கொடுத்தவரின் பெருந்தன்மைக்கே எடுத்துக்காட்டாகச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். கடன் வாங்கியவருக்கும் இதில் பாடமுண்டு. ஒளிந்திருந்தவரை அவருக்கு எந்தத் தள்ளுபடியும் கிடைக்கவில்லை. வெளியே வந்து, இல்லை என்பதை இல்லை என்று சொன்ன பின்னரே பத்திரம் அழிந்தது.

அண்ணலார் (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்தை விட்டும் கடனை விட்டும் அடிக்கடி பாதுகாப்புத் தேடுவார்கள். கடனுக்காக இவ்வளவு அதிகம் பாதுகாப்புத் தேடுவதேன் என்று ஒருவர் கேட்டதற்கு, கடன்பட்ட மனிதன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்று விளக்கமளித்தார்கள். புகாரீயில் உள்ள செய்தி. வறுமையைவிட நாவே இங்கு அச்சத்திற்குரியதாகக் காட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஆகவே, கடனை அடைக்கும் தவணைத் திட்டம் எதுவாயினும், அதன் முதல் நோக்கம் நாம் நிறைவேற்றக்கூடிய வாக்கை மட்டும் கொடுப்பதாக இருக்க வேண்டும்.

மறைத்த தொகை

இராஜபாளையம் நூற்பாலைகளுக்கும் துணித் தறிகளுக்கும் பெயர் பெற்ற ஊர். அருகிலுள்ள சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது. தறி ஓடினால் கூலி, நின்றால் கடன். இதுதான் பல வீடுகளின் நிலை. அப்படியொரு தறித் தொழிலாளிச் சகோதரர் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என்னைத் தனியே சந்தித்தார். "ஹஜ்ரத், ஒன்றரை இலட்சம் கடன் இருக்கிறது. துஆச் செய்யுங்கள்" என்றார்.

துஆச் செய்தேன். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, யாருக்கு, எப்போது வாங்கியது, இதுவரை கொடுத்தது, மீதி, கையெழுத்திட்டுக் கொடுத்த காகிதம் என்று ஐந்து கட்டங்கள் போடச் சொன்னேன். மறுநாள் மனைவியையும் உடன் வைத்துக்கொண்டு எழுதி வந்தார். நண்பர் ஒருவரிடம் கைமாற்று 60,000. மச்சான் தம் வீட்டு நகையை விற்றுக் கொடுத்தது 40,000. மளிகைக் கடையில் 12,000. மனைவியின் பெயரிலுள்ள குழுக் கடனில் மீதி 48,000. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்கு வாங்கியது 50,000. வங்கியில் நகை அடகு ஒரு இலட்சம். கூட்டினால் 3,10,000 ரூபாய்! பத்து வட்டிக் கடன் மனைவிக்கு அதுவரை தெரியாது. குழுக் கடன் இவ்வளவு மீதியிருப்பது கணவருக்குத் தெரியாது.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஸஹாபாக்களின் காலத்திலேயே இந்தத் தயக்கம் இருந்திருக்கிறது. ஹிஜ்ரி 36இல் ஜமல் போர் நாளன்று ஸுபைர் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, என் பெருங்கவலை என் கடன்தான், சொத்துகளை விற்று அடைத்துவிடு என்று கூறிவிட்டுச் ஷஹீதானார்கள். பிறகு ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் வந்து கடன் எவ்வளவு என்று விசாரித்தபோது, அப்துல்லாஹ் (ரலி) உண்மைத் தொகையைச் சொல்லாமல் ஒரு இலட்சம் என்று மட்டும் சொன்னார்கள். அதற்கே உங்கள் சொத்து போதாதே என்று அவர் வியந்தார். அப்போதுதான், 22 இலட்சமாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். இந்தக் கடன் வீண் செலவினால் வந்ததன்று. மக்கள் தங்கள் பணத்தை ஸுபைர் (ரலி) அவர்களிடம் அமானிதமாக வைக்க வருவார்கள். தொலைந்துபோனால் அவர்களுக்கு நட்டமாகிவிடுமே என்று அஞ்சி, அமானிதம் வேண்டாம், எனக்குக் கடனாகத் தந்துவிடுங்கள் என்று பொறுப்பைத் தம் மீது ஏற்றுக்கொண்டார்கள். அதனால் சேர்ந்த தொகை அது.

கடனை எழுதுவது குர்ஆனின் கட்டளை. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், கடன் எழுதுவதைப் பற்றியதே. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. எழுதுபவருக்கு வாசகத்தைச் சொல்லித் தர வேண்டியவர் கடன் கொடுத்தவரல்லர், கடன் வாங்கியவர். நான் இவ்வளவு தர வேண்டும் என்ற சொல் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். நம் ஊர்களிலோ எதுவும் எழுதாத புரோநோட்டில் கையெழுத்திட்டு, தொகை நிரப்பாத காசோலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். பிறகு அதில் என்ன எழுதப்பட்டது என்று தெரியாமல் ஓராண்டு தூக்கமின்றிக் கிடக்கிறோம்.

எவ்வளவு தர முடியும்?

அந்தச் சகோதரர் வீட்டின் மாத வருமானம் சுமார் 24,000. வாடகை, உணவு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் போக 7,000 மிஞ்சும். ஆனால் அவர் பலரிடமும் தனித்தனியே கொடுத்திருந்த வாக்குகளைக் கூட்டிப் பார்த்தபோது, மாதம் 15,000 தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்! ஒவ்வொருவரும் வாசலில் நிற்கும்போது அவரை அனுப்பிவைப்பதற்காகச் சொன்ன தொகைகள் அவை. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. அந்த நேரத்து வெட்கம் அவரைப் பேச வைத்தது.

ஏழாயிரத்தில் ஆயிரத்தை நோய்நொடிக்கு ஒதுக்கச் சொன்னேன். மீதி ஆறாயிரம்தான் திட்டம்.

அதற்கு முன் வட்டி வளரும் கடன்களை நிறுத்தியாக வேண்டும். அடகிலிருந்த நகையைப் பற்றிப் பேச்செடுத்ததும் வீட்டில் மௌனம் நிலவியது. நகை மனைவியின் சொத்து. அவருடைய சம்மதமின்றி அதைத் தொடக் கணவருக்கு உரிமையில்லை. விற்றால் அதுவும் கணவர் மீது ஒரு கடனே, அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி. இதையும் அவர்கள் இருவருக்கும் தெளிவாகச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அந்தச் சகோதரி தாமாகவே சம்மதம் தெரிவித்து, நான் இதைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்றும் சொல்லி அனுப்பினார். ஜமாஅத்தைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் ஒரே ஒரு நாளுக்குப் பணம் கொடுத்து உதவ, நகை மீட்கப்பட்டு விற்கப்பட்டது. வங்கிக்கு அசலும் வட்டியும் செலுத்தியது போக 40,000 ரூபாயைச் சற்றே தாண்டி மிஞ்சியது.

அந்தத் தொகையுடன் மஹல்லாவின் பெரியவர்கள் இருவர் பத்து வட்டிக்காரரைச் சந்தித்தார்கள். பதினான்கு மாதமாக மாதம் ஐயாயிரம் வீதம் 70,000 ரூபாய் அவருக்கு வட்டியாகவே போயிருந்தது. மார்க்கத்தின் கணக்கில் அசலுக்கு மேல் இருபதாயிரம் அதிகம். பேச்சு எளிதாக முடியவில்லை. இரண்டு முறை எழுந்து வந்துவிட்டார்கள். மூன்றாம் முறை 40,000 பெற்றுக்கொண்டு புரோநோட்டையும் இரண்டு காசோலைகளையும் திருப்பிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வட்டி ஹராம் என்பதைக் கடனை இழுத்தடிக்கும் சாக்காகச் சிலர் பயன்படுத்துகிறார்கள். வாங்கும்போது நினைவுக்கு வராத ஹராம், கொடுக்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிறதா? இறுதி ஹஜ்ஜின் உரையில் வட்டியை ஒழித்த நபி (ஸல்) அவர்கள், முதலில் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வர வேண்டிய வட்டியையே தள்ளுபடி செய்தார்கள். அசல் என்பது கொடுத்தவரின் உரிமை. வட்டிக்கு வாங்கியதற்குத் தவ்பாச் செய்வது நம் கடமை. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

யாருக்கு முதலில்?

மீதமிருந்தது நான்கு கடன்கள். குழுக் கடனின் தவணை மாதத்திற்கு மூவாயிரம் வரும். அது குறித்த நாளில் போயாக வேண்டும், தவறினால் சக பெண்களின் தலையில் விழும். எஞ்சிய மூவாயிரம் நண்பர், மச்சான், மளிகைக்காரர் ஆகிய மூவருக்கும். இவர்களுள் மளிகைக்காரர் நாள்தோறும் கேட்பவர். நண்பர் மாதம் ஒருமுறை நினைவூட்டுபவர். மச்சான் வாய் திறந்ததே இல்லை. இதுவரை மளிகைக்காரருக்கு மட்டும் அவ்வப்போது ஏதோ போய்க்கொண்டிருந்தது. சத்தம் போடுபவருக்கு முதல் பணம், பொறுத்திருப்பவருக்கு ஒன்றுமில்லை என்ற இந்த நடைமுறை நம்மில் பலரிடம் உண்டு. வீட்டு நகையை விற்று உதவியவரின் பொறுமைக்கு நாம் கொடுக்கும் தண்டனையல்லவா இது?

இருப்பது போதாதபோது கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் கடனின் விகிதப்படி பங்கிட வேண்டும் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் கூறும் வழி. 60, 40, 12 என்ற விகிதத்தில் மூவாயிரத்தைப் பிரித்தால் ஏறத்தாழ நண்பருக்கு 1,600, மச்சானுக்கு 1,100, கடைக்காரருக்கு 300. பதினாறு மாதத்தில் குழுக் கடன் முடிந்ததும் அந்த மூவாயிரமும் இவர்களுக்கே சேரும். அப்படியானால் மொத்தம் 27 மாதங்களில் கணக்குத் தீரும். மளிகைக்காரர் 300 ரூபாயைக் கேட்டதும் சிரித்தாராம். ஆனால் மூன்று மாதம் தொடர்ந்து ஐந்தாம் தேதி அது வந்தபின், கடையில் மற்றவர் முன்னிலையில் கேட்பதை அவர் நிறுத்திவிட்டார். இதை எழுதும்போது 19 தவணைகள் கடந்துவிட்டன. தறி நின்ற இரண்டு மாதங்கள் மட்டும் தவறின. அந்த இரு முறையும் தேதிக்கு முன்பே அவர் நேரில் போய்ச் சொல்லிவிட்டார்.

தவணை என்பது நம் காலத்து வங்கிகள் கண்டுபிடித்ததன்று. அடிமையாக இருந்த பரீரா (ரலி) அவர்கள், ஆண்டுக்கு ஓர் ஊக்கியா வெள்ளி வீதம் ஒன்பது ஆண்டுகளில் ஒன்பது ஊக்கியா செலுத்தித் தம்மை விடுவித்துக்கொள்ள எஜமானர்களுடன் ஒப்பந்தம் செய்திருந்ததைப் புகாரீயில் காண்கிறோம். அத்தகைய விடுதலைத் தவணையைக் கட்ட முடியாமல் வந்த ஒருவருக்கு அலீ (ரலி) அவர்கள் கற்றுக்கொடுத்த துஆதான் கடன் தீர நாம் ஓதிவரும் துஆ. திர்மிதீயில் உள்ளது. தவணையும் துஆவும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

உஹதில் ஷஹீதான தந்தையின் கடனைச் சுமந்த ஜாபிர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் நீங்கள் அறிந்ததே. தோட்டத்துப் பேரீச்சம் பழத்தைப் பெற்றுக்கொண்டு மீதியை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்தும் கடன் கொடுத்தவர்கள் இணங்கவில்லை. அண்ணலார் அமர்ந்து அளந்து கொடுக்கச் செய்ய, கடன் முழுதும் தீர்ந்து பழமும் மிஞ்சியது. அந்த முஃஜிஸாவுக்கு முன் நபி (ஸல்) அவர்கள் இட்ட ஏவல் ஒன்றுண்டு. பழங்களை வகை வகையாகப் பிரித்துத் தனித்தனியே குவித்து வை என்றார்கள். பரக்கத் இறங்கியது எண்ணிப் பிரித்து வைத்த குவியலின் மீதுதான்.

தவணை நாளை வருமானம் வரும் நாளோடு பொருத்துவதும் அவசியம். ஆலையில் சம்பளம் பெறுபவருக்கு மாதத் தவணை சரி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துச் சப்பட்டை மாம்பழம் விற்பவருக்கு மாதத் தவணை பொருந்தாது. அறுவடை முடிந்ததும் பெருந்தொகையாகத் தருவதாகப் பேசிக்கொள்ள வேண்டும். காற்றிலும் மழையிலும் பூவும் பிஞ்சும் உதிர்ந்து முதலையே இழந்தவருக்கும் நபிவழியில் தீர்வு உண்டு. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒருவர் வாங்கிய பழங்கள் சேதமாகிப் பெருங்கடனாளியானார். அவருக்குத் தர்மம் செய்யுமாறு மக்களை ஏவினார்கள். வந்த தொகை கடனுக்குப் போதவில்லை. கடன் கொடுத்தவர்களிடம், இருப்பதைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸின்படி, இத்தகையவருக்கு உதவுவது மஹல்லாவின் பொறுப்பாகிறது. ஸகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் கடனாளியும் ஒருவர் என்பதைத் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் கூறுகிறது. நம் பைத்துல்மால்கள் ரமழானில் அரிசியும் துணியும் வழங்குவதோடு நின்றுவிடுவது ஏன் என்று நிர்வாகிகள் யோசிக்க வேண்டும்.

கடுஞ்சொல்லும் வன்செயலும்

கடன் கொடுத்தவர் கொஞ்சம் கடுமையாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நபி (ஸல்) அவர்களிடமே ஒருவர் முரட்டுத்தனமாகக் கடனைக் கேட்டபோது, ஆத்திரமடைந்த தோழர்களைத் தடுத்து, உரிமையுடையவருக்குப் பேச உரிமை உண்டு என்றார்கள். அவர் கொடுத்த ஒட்டகத்தைவிடச் சிறந்ததை வாங்கிக் கொடுக்கச் செய்தார்கள். வசதியுள்ளவர் தாமதிப்பது அநீதி என்பதும் அவர்களின் எச்சரிக்கையே. மகள் திருமணத்தை மண்டபத்தில் ஆடம்பரமாக நடத்திவிட்டுக் கைமாற்றுக் கொடுத்தவரை மாதக்கணக்கில் அலையவிடுபவருக்கு ஒளிந்துகொள்ள எந்த ஹதீஸிலும் இடமில்லை.

ஆயினும் பேச்சு வேறு, வன்செயல் வேறு. 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு தொழிலாளி தம் மனைவியோடும் இரண்டு பச்சிளம் பெண் குழந்தைகளோடும் தீக்கிரையானதை நாடே பார்த்தது. அதைப் படிக்கும்போது சட்டத்தின் பெயர்கூட அவருக்கு உதவவில்லையே என்று மனம் பதறியது. சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடை செய்யும் அச்சட்டம், மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தர வேண்டிய தொகையைக் கடனாளி நீதிமன்றத்திலேயே செலுத்திவிடவும் அதில் வழியுண்டு. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கொடுத்து, நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிக்கும் தண்டலை நாம் சிறு விஷயமாக நினைக்கிறோம். கணக்கிட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு வட்டி வருகிறது.

2025இல் மேலும் ஒரு சட்டம் வந்தது. கடன் வழங்கும் நிறுவனங்களின் ஆட்கள் கடனாளியையோ குடும்பத்தாரையோ மிரட்டுவதும், அவமதிப்பதும், விடாமல் பின்தொடர்வதும், உடைமைகளில் கைவைப்பதும் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது அது. குழுக் கடன் வாங்கிய சகோதரிகள் அறிய வேண்டிய விதி ஒன்றும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, நுண்கடன் வசூலிப்பவர் காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது. வசூல் இருதரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராதபோதுதான் வீட்டுக்கு வரலாம். ஒளிவதால் நாமே அவர்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிடுகிறோம் என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

நீதிமன்ற அறிவிப்போ வழக்கறிஞர் கடிதமோ தபாலில் வந்தால் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவோர் உண்டு. பெரும் அறியாமை அது. காசோலை திரும்பிய வழக்கில், அறிவிப்புக் கிடைத்த 15 நாள்களுக்குள் பணம் செலுத்திவிட்டால் குற்றமே இல்லை. கடிதத்தை மறுத்தவர் அந்தப் பதினைந்து நாளையும் இழக்கிறார்.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது நம் பகுதியினருக்கு ஒரு வசதி. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேயே இயங்குகிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஆண்டுக்குச் சில முறை நடைபெறும் மக்கள் நீதிமன்றத்தில், வழக்காக வருவதற்கு முன்பே வங்கிக் கடன்களைப் பேசித் தீர்க்கலாம். அங்கு ஏற்பட்ட சமரசத்தின் மீது மேல்முறையீடு கிடையாது. சமரசம் முடிந்ததும், பாக்கி இல்லை என்ற சான்றை எழுத்தில் பெறாமல் திரும்பக்கூடாது. வீட்டுப் பத்திரம் அடகில் இருந்திருந்தால், கடன் தீர்ந்த 30 நாள்களுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

மக்கள் நீதிமன்றத்தைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் மஸ்ஜிதுன்னபவியில் நடந்த ஒரு சமரசம் எனக்கு நினைவுக்கு வரும். கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வர வேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலிலேயே கேட்க, இருவர் குரலும் உயர்ந்தது. தம் இல்லத்தின் திரையை விலக்கி வெளியே வந்த நபி (ஸல்) அவர்கள் கஅப் (ரலி) அவர்களை அழைத்து, பாதியை விட்டுவிடுமாறு கையால் சைகை செய்தார்கள். அவரும் உடனே ஒப்புக்கொண்டார். அடுத்த கணமே மற்றவரிடம், எழுந்து போய் மீதியைச் செலுத்தும் என்றார்கள். கொடுத்தவர் பாதியை விட்டார். வாங்கியவருக்கோ மறுபாதிக்கு அவகாசமே இல்லை! தள்ளுபடி பெற்ற பின்னும் ஆறு மாதம் இழுத்தடிக்கும் நாம் இந்த இரண்டாவது கட்டளையை மறந்துவிடுகிறோம்.

பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு நிற்கும்போது, மய்யித்துக்கு யாரேனும் கடன் கொடுத்திருந்தால் வாரிசுகளைச் சந்தித்துப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மகனோ சகோதரரோ அறிவிப்பது நம் வழக்கம். எத்தனையோ முறை அந்த அறிவிப்பின்போது முன்வரிசையில் நின்றிருக்கிறேன். சில பிள்ளைகள் அதைச் சொல்லும்போது குரல் நடுங்கும். எவ்வளவு என்று அவர்களுக்கும் தெரியாது. ஷஹீதுக்குக்கூட மன்னிக்கப்படாதது கடன் என்ற நபிமொழியைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு, கடன் நோட்டை மட்டும் அவர்களிடம் கொடுக்காமல் போய்விடுகிறோம். புரோநோட்டுக்கு மூன்றாண்டுதான் ஆயுள், அது கடந்துவிட்டது என்று ஆறுதல் கொள்ளும் வாரிசுகளும் உண்டு. அது இங்குள்ள நீதிமன்றத்தின் கணக்கு. மறுமையில் காலாவதி இல்லை.

ஸுபைர் (ரலி) அவர்களின் மகன் செய்தது வேறு. ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு வாங்கப்பட்ட காபா என்னும் நிலத்தைப் பதினாறு இலட்சத்துக்கு விற்றார்கள். கடன் வர வேண்டியவர்கள் அங்கே வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அழைத்தார்கள். நான்கு இலட்சம் வர வேண்டியிருந்த அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி), விரும்பினால் விட்டுத்தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றார்கள். அப்படியானால் கடைசியில் தாருங்கள் என்றார்கள். அதற்கும் இணங்காமல், நிலத்தில் இங்கிருந்து இதுவரை உங்களுக்கு என்று காட்டிக் கொடுத்தார்கள். கடன் முழுதும் தீர்ந்ததும் வாரிசுகள் சொத்தைப் பிரிக்கக் கேட்டார்கள். அதற்கும் இணங்கவில்லை. ஹஜ்ஜுக்கு மக்கள் கூடும் பருவத்தில், ஸுபைரிடம் கடன் வர வேண்டியவர்கள் எங்களிடம் வாருங்கள் என்று நான்கு ஆண்டுகள் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். நான்காம் ஆண்டும் கடந்த பின்னரே பங்கு பிரித்தார்கள். அப்போது ஸுபைர் (ரலி) அவர்களின் மனைவியர் நால்வரில் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு இலட்சம் கிடைத்தது.